ஓர் ஊர், இரண்டு பீர்

லோனி: கதவைச் சாத்துடா முதல்ல! யார் கண்ணுலயாவது பட்டா என் பொழப்பே போச்சு.

கிலியன்: பின்பக்கமாத்தான் வந்தேன் லோனி. ஒருத்தரும் பாக்கல. உன் வாத்து மட்டும் பாத்துச்சு.

லோனி: கடிச்சுதா?

கிலியன்: கடிச்சுது.

லோனி: நல்ல வாத்து. பள்ளத்துப் பீர் வாசனை வந்தாலே அது சும்மா விடாது.

கிலியன்: உக்காரலாமா?

லோனி: உக்கார முடியுமா? எந்த இடத்துல கடிச்சுது?

கிலியன்: ...நின்னுக்கிட்டே பேசுறேன்.

லோனி: சரி, பேசு. இத்தன வருஷமா மேட்டு ஆலை வாசப்படிய மிதிக்காத பள்ளத்து ஆலை முதலாளி, பட்டப்பகல்ல, கைக்கு ஒண்ணா ரெண்டு காலிப் பால் கேனத் தூக்கிக்கிட்டு என் காய்ச்சுக்கூடத்துல நிக்கறார். நான் என்னன்னு நினைக்கட்டும்?

கிலியன்: பால் வாங்க வந்தேன்னு நினைச்சுக்கோயேன்.

லோனி: ஏன்டா, என் பீர்க் கொப்பரையப் பாத்தா உனக்குப் பசு மாதிரியா இருக்கு?

கிலியன்: லோனி... ஈஸ்ட் வேணும்.

லோனி: என்னது?

கிலியன்: ஈஸ்ட்.

லோனி: சரியாக் காதுல விழல. பெரிய கூடம் பாரு, எதிரொலிக்குது. இன்னொரு தடவ சொல்லு.

கிலியன்: உனக்கு நல்லாவே விழுந்துச்சு. பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான். நான் தப்பா பதில் சொன்னா மட்டும் கடைசி பெஞ்சுலேருந்து "கேக்கல, கேக்கல"ன்னு கத்துவ.

லோனி: எல்லாத்தையும் தப்பாச் சொன்ன, நான் என்ன பண்ண? ஆமா, உனக்கு எதுக்கு ஈஸ்ட்? "தலைமுறை தலைமுறையாய் எங்கள் சொந்த ஈஸ்ட்"னு லாரிக்கு லாரி என் கட்டில் அகலத்துக்கு எழுதி வச்சிருக்கியே. தினமும் என் ஜன்னல உரசிக்கிட்டுதான் போகுது.

கிலியன்: இருந்துச்சு.

லோனி: இருந்துச்சுன்னா?

கிலியன்: கழுவிட்டேன்.

லோனி: எதக் கழுவின?

கிலியன்: ஈஸ்ட்ட.

லோனி: க்கும்... க்கும்...

கிலியன்: சிரிக்காத.

லோனி: நான் எங்க சிரிச்சேன்? இருமல்.

கிலியன்: இருமலுக்கு யாரும் மேஜையத் தட்ட மாட்டாங்க.

லோனி: ஐயோ... இரு... மூச்சு வாங்குது. ஈஸ்ட்ட எப்படிடா கழுவுவ? அது என்ன காலுறையா?

கிலியன்: நாளன்னைக்கு வங்கியிலேருந்து அந்த அம்மா வர்றாங்க, புது ஆலையப் பாக்க. எல்லாத் தொட்டியும் பளபளன்னு இருக்கட்டுமேன்னு நினைச்சேன். புது மிஷின்ல "அனைத்தையும் கழுவு"ன்னு ஒரு பொத்தான் இருக்கு. நானே போய் அமுக்கினேன்.

லோனி: அது அனைத்தையும் கழுவிடுச்சு.

கிலியன்: அனைத்தையும். ஈஸ்ட் வச்சிருந்த தொட்டிக்கு வெந்நீரு, சோடாக்காரம், மறுபடி வெந்நீரு. உள்ள இப்ப மூஞ்சி பாத்து ஷேவ் பண்ணிக்கலாம்.

லோனி: மிஷின் நல்ல மிஷின்தான். ஆளுதான்...

கிலியன்: சொல்லு, சொல்லு. காலைலேருந்து நானே என்னைத் திட்டி அலுத்துப் போச்சு. வேற வாய்லேருந்து கேட்டா ஒரு மாறுதலா இருக்கும்.

லோனி: பழைய ஆலையில கொஞ்சம் மிச்சம் இருக்குமே?

கிலியன்: அதத்தான் போன வாரம் நிறுத்தியாச்சே. இருந்த ஈஸ்ட் மொத்தத்தையும் அந்த ஒரு தொட்டிக்குத்தான் மாத்தினேன். பத்திரமா இருக்கட்டும்னு.

லோனி: பத்திரமா!

கிலியன்: லோனி, சிரிச்சு முடிச்சுட்டன்னா சொல்லு. அங்க பெரிய தொட்டி நிறைய மால்ட் கஷாயம் ஆறிப்போய் நிக்குது. புது ஆலையோட முதல் காய்ச்சல்.

லோனி: தொட்டிக்கா, உனக்கா?

கிலியன்: ரெண்டு பேருக்கும்தான். இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஈஸ்ட் போடலன்னா அவ்வளவும் புளிச்சுப் போயிடும். சாக்கடையிலதான் ஊத்தணும். அந்த அம்மா வர்றதே நுரை பொங்குறதப் பாக்கத்தான். பொங்கலன்னா மீதிக் கடன் வராது. நூரெம்பெர்க் கடைக்காரங்களுக்குச் சொன்ன தேதிக்குச் சரக்கும் போகாது. புதுசா ஆளெல்லாம் எடுத்தாச்சு லோனி. உன் அக்கா பொண்ணு உட்பட.

லோனி: தெரியும். வேலை கிடைச்சதும் வந்து ஆடினா பாரு ஒரு ஆட்டம், அந்தா அந்த பெஞ்சு மேல ஏறி நின்னு.

கிலியன்: அவளுக்காகவாவது.

லோனி: அப்ப ஏன்டா இங்க நிக்கற? வண்டிய எடுத்துக்கிட்டுப் பாம்பெர்க் போ. போற வழியிலயே ஊருக்கு ஒரு ஆலை இருக்கு. ஈஸ்ட்னு கேட்டா எந்தக் காய்ச்சுறவனும் இல்லன்னு சொல்ல மாட்டான். விரோதியா இருந்தாலும் கேன ரொப்பித்தான் அனுப்புவான். 

கிலியன்: வண்டி... கிளம்ப மாட்டேங்குது.

லோனி: தெருமுனையில நிக்குதே, அது யார் வண்டி?

கிலியன்: இங்க வர்ற வரைக்கும் கிளம்புச்சு.

லோனி: கிலியன்.

கிலியன்: அவங்க ஈஸ்டெல்லாம் வேற மாதிரி லோனி. அதப் போட்டா என் பீர் என் பீராவா இருக்கும்? ஒரு வாய் குடிச்சதும் கண்டுபிடிச்சுடுவாங்க.

லோனி: என் ஈஸ்ட்ட போட்டா மட்டும் உன் பீரா இருக்குமா?

கிலியன்: அது... ஒரே ஊர்த் தண்ணி... ஒரே காத்து...

லோனி: ஈஸ்ட் என்ன துணியாடா, காத்துல காயப்போட?

கிலியன்: நீ ஏன் இத்தனை கேள்வி கேக்கற? இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லு.

லோனி: இருக்கு. ஆனா... இன்னைக்கு அது சரியில்ல. களைப்பா இருக்கு.

கிலியன்: ஈஸ்ட்டா, நீயா?

லோனி: ரெண்டு பேரும்தான். பாம்பெர்க் போடா. நான் வேணும்னா போன் பண்ணிச் சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச நல்ல மனுஷர் ஒருத்தர் இருக்கார்...

கிலியன்: என்ன வேணும்னாலும் கேளு, தர்றேன்.

லோனி: என்ன சொன்ன?

கிலியன்: விலை. நீ சொல்றதுதான்.

லோனி: ஈஸ்டுக்கு விலையா? எங்கடா படிச்சுட்டு வந்த இதெல்லாம்? பீர விப்பாங்க, பீப்பாய விப்பாங்க, முடை வந்தா ஆலையவே விப்பாங்க. ஈஸ்ட்ட யாராவது காசுக்குக் கொடுப்பாங்களா? உங்கப்பா மட்டும் இதக் கேட்டிருந்தார்னா...

கிலியன்: தெரியும், தெரியும். எழுந்து வந்து ஒரு அறை விட்டிருப்பார்.

லோனி: அதுவும் தொப்பியக் கழட்டி வச்சுட்டு, நிதானமா... இரு. மணிச் சத்தம்! சைக்கிள். ரெய்ன்ஹில்டே! ரொட்டி கொண்டு வர்றா! போ, போ, கொப்பரைக்குப் பின்னால!

கிலியன்: பின்னால இடம் இல்ல!

லோனி: வயித்த உள்ள இழு! அது மேட்டுப் பீர் குடிச்சு வளந்த வயிறா இருந்தா இடம் இருந்திருக்கும்!

ரெய்ன்ஹில்டே: லோனி! அடியே, யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க?

லோனி: வாத்துகிட்ட.

ரெய்ன்ஹில்டே: வாத்து வெளியிலதானே இருக்கு? ஆசீர்வாதம் பண்ணப்போற பாதிரியார் மாதிரி அவ்வளவு கம்பீரமா நிக்குது. இந்தா உன் ரொட்டி. நாலு கூடை. பிரெட்ஸல் ரொட்டி தனியா இருக்கு. சாயந்திரம் ரெண்டு பஸ் நடைப்பயணக்காரங்க வர்றாங்களாமே?

லோனி: மூணு. நீ போ, நானே எடுத்து வச்சுக்கறேன்.

ரெய்ன்ஹில்டே: என்னடி இது, விரட்டுற? ஒரு வாய் தண்ணி... இது என்ன கேன்?

லோனி: எது?

ரெய்ன்ஹில்டே: இது. பால் கேன். "பள்ளத்து ஆலை"ன்னு செவப்புப் பெயிண்டுல எழுதியிருக்கு. லோனி... உன் கொப்பரைக்குக் கீழ ஒரு பூட்ஸ் தெரியுது.

லோனி: பழைய பூட்ஸ்.

ரெய்ன்ஹில்டே: உள்ள கால் இருக்கு.

கிலியன்: ...வணக்கம், ரெய்ன்ஹில்டே.

ரெய்ன்ஹில்டே: கடவுளே!

கிலியன்: நீ நினைக்கற மாதிரி ஒண்ணும் இல்ல.

ரெய்ன்ஹில்டே: நான் நினைக்கறத விடு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், ரெண்டு பேரும் என் கண்ணப் பாத்துச் சொல்லணும். நீங்க சமாதானம் ஆயிட்டீங்களா?

லோனி: சேச்சே!

ரெய்ன்ஹில்டே: ஆயிட்டீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. போன மாசம்தான் புது அடுப்பு வாங்கியிருக்கேன். என் நெஞ்சு தாங்காது.

லோனி: நாங்க சமாதானம் ஆனா உன் அடுப்புக்கு என்னடி?

ரெய்ன்ஹில்டே: என்னவா? ஏன்டி, உனக்கு ஞாபகம் இல்லையா? தபால் ஆபீஸ் மூடினாங்க. பஸ்ஸ நிறுத்தினாங்க. எங்கப்பா ரொட்டிக் கடைய இழுத்துப் பூட்டினார். அப்புறம் அந்த ரேடியோக்காரன் வந்து, "பேசிக்கொள்ளாத இரண்டு பீர் ஆலைகள்"னு ஒரு நிகழ்ச்சி போட்டான் பாரு. அன்னைலேருந்துதான் இந்த ஊர்ல மறுபடி அடுப்பு எரியுது.

கிலியன்: என் ஆலை பெருசானதாலதான் எரியுதுன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ரெய்ன்ஹில்டே: உன் ஆலை எதனால பெருசாச்சு? கேளு. ஒரு ஆலை இருக்கற ஊர்ல வர்றவன் ஒரு கிளாஸ் குடிச்சுட்டு பஸ் ஏறிடுவான். ரெண்டு ஆலை இருந்து, ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தா, எது ஒசத்தின்னு அவன் தீர்ப்பு சொல்லியாகணும். மேட்டுல ரெண்டு, பள்ளத்துல ரெண்டு குடிக்காம தீர்ப்பு வராது. நாலு குடிச்சவன் எங்க பஸ் ஏறுறது? ரூம் எடுப்பான். காலைல எழுந்து என்கிட்ட ரொட்டி வாங்குவான். ஊருக்குப் போய், "இல்ல இல்ல, மேட்டுதுதான் நல்லாருந்துச்சு"ன்னு பொண்டாட்டிகிட்ட சண்ட போட்டு, அடுத்த வாரம் அவளையும் கூட்டிக்கிட்டு வருவான்.

லோனி: நீ பேசாம வங்கியில சேந்திருக்கலாம்.

ரெய்ன்ஹில்டே: மாவட்ட அலுவலகத்துலேருந்து ஒருத்தர் வந்து கேட்டாரே! "பீரால இந்த ஊர்ல யார் யாருக்கு வருமானம்"னு. பீரால இல்லைங்க, சண்டையாலன்னு சொன்னேன். அத எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியாம பேனாவக் கடிச்சுக்கிட்டே போனாரு மனுஷர்.

கிலியன்: வாத்தியக் குழுவ விட்டுட்டியே.

ரெய்ன்ஹில்டே: ஆமா, இருந்த ஒரு குழு மேட்டுக் குழு, பள்ளத்துக் குழுன்னு ரெண்டா உடைஞ்சுது. இப்ப ரெண்டுக்கும் வாரம் தவறாம கச்சேரி. தீயணைப்புப் படையும் உடைஞ்சிருக்கும். வண்டி ஒண்ணே ஒண்ணுங்கறதால பொறுத்துக்கிட்டிருக்காங்க. என் வீட்ல நான் பள்ளம், அவர் மேடு. சாப்பாட்டு நேரத்துல பேச்சே கிடையாது. அவ்வளவு நிம்மதி! அதக் கெடுத்துடாதீங்க.

லோனி: ஆமா, மொதல்ல என்ன சண்டைடா நமக்குள்ள?

கிலியன்: உங்க தாத்தா எங்க தாத்தாவோட தொப்பி மேல உக்காந்தார்.

லோனி: உங்க தாத்தா எதுக்குத் தொப்பிய நாற்காலியில வச்சார்?

ரெய்ன்ஹில்டே: அதான்! அப்படித்தான்! அந்தச் சூடு இருக்கணும். சரி, இப்ப அவர் ஏன் இங்க நிக்கறார்? வெளிய போய் நான் என்னன்னு சொல்றது?

கிலியன்: ஏன் நிக்கறேனா? கேளு! இந்த லோனி என் கேன ரெண்டையும் திருடிட்டா. அதக் கேக்க வந்தேன்.

லோனி: நான் எதுக்கு உன் ஓட்டக் கேனத் திருடறேன்?

கிலியன்: கேன் மட்டுமா? என் சரக்கத் திருடித்தானே நீ பீரே காய்ச்சுற!

லோனி: ...

ரெய்ன்ஹில்டே: ஆகா! இது புதுசு! லோனி, திருப்பிச் சொல்லுடி! ஏன் பேசாம நிக்கற?

லோனி: அது... நான்... உன் பீர்ல பாத்திரம் கழுவற நாத்தம் அடிக்குது!

கிலியன்: அடிக்கும்! அவ்வளவு சுத்தம்!

லோனி: வெளிய போடா!

கிலியன்: போறேன்! என் கேனக் குடு!

ரெய்ன்ஹில்டே: அப்பாடா. வயித்துல பால வாத்தீங்க. நான் கிளம்பறேன். கடைத்தெருவுல இதச் சொன்னா சாயந்திரத்துக்குள்ள பத்து பேராவது உங்க ரெண்டு வாசலுக்கும் வந்து என்ன ஏதுன்னு கேட்டு ரெண்டு கிளாஸ் குடிச்சுட்டுப் போவாங்க. லோனி, நாளைக்கு ஆறு கூடை ரொட்டி அனுப்பட்டுமா?

லோனி: ...ஏழு அனுப்பு.

ரெய்ன்ஹில்டே: ஐயோ, வாத்து! போ! சூ! நான் பள்ளம்தான், ஆனா நல்லவ!

கிலியன்: ...போயிட்டாளா?

லோனி: போயிட்டா.

கிலியன்: என்ன லோனி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? சண்டையில வழக்கமா நீதானே ஒரு படி மேல போவ. இன்னைக்குப் பாதியிலயே வார்த்தை தீந்து போச்சு.

லோனி: நீ சொன்னியே... திருடித்தான் காய்ச்சுறேன்னு. அது எதுக்குச் சொன்ன?

கிலியன்: வாய்ல வந்துச்சு.

லோனி: சும்மாவா?

கிலியன்: சும்மாத்தான். ஏன்?

லோனி: ஒண்ணும் இல்ல. ஒரு மனுஷியப் பாத்துத் திருடின்னா... மனசுக்கு ஒரு மாதிரி இருக்காதா?

கிலியன்: நீ என் பீரப் பாத்து நாத்தம்னியே, அதுக்கு எனக்கு மனசு கிடையாதா?

லோனி: உனக்கு இன்னைக்கு மனசு மட்டுமா வலிக்குது?

கிலியன்: வாத்த ஞாபகப்படுத்தாத. லோனி, மணி ஆகுது. அங்க கஷாயம் காத்துக்கிட்டிருக்கு.

லோனி: சரி, தர்றேன். ஆனா சும்மா தர மாட்டேன்.

கிலியன்: இப்பத்தான் விலை கேட்டதுக்குத் திட்டின.

லோனி: காசு இல்லடா. இந்தா, பிடி.

கிலியன்: என்ன இது?

லோனி: கண்ணு தெரியலயா? என் பீர். குடி. குடிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு. மனசாரச் சொல்லணும்.

கிலியன்: இதுக்கு நீ காசே கேட்டிருக்கலாம்.

லோனி: குடிடா.

கிலியன்: ...

லோனி: என்ன?

கிலியன்: இரு, இன்னும் ஒரு வாய்.

லோனி: ஒரு வாய்னு சொல்லிட்டுப் பாதி கிளாஸ் போச்சு!

கிலியன்: அவசரப்படுத்தாத. ...ம்.

லோனி: "ம்"மா? "ம்"முக்கெல்லாம் ஈஸ்ட் கிடையாது.

கிலியன்: ...பரவால்ல.

லோனி: என்ன சொன்ன?

கிலியன்: காது கேக்கலயா? கூடம் எதிரொலிக்குதோ?

லோனி: இல்ல... நிஜமாவா சொன்ன? பரவால்லன்னா?

கிலியன்: பரவால்லன்னுதான் சொன்னேன்.

லோனி: கிலியன்... எனக்குத் தெரிஞ்சு எங்கப்பா வாழ்நாள்ல ஒரே ஒரு தடவதான் அந்த வார்த்தையச் சொல்லியிருக்கார். என் கல்யாணத்தன்னைக்கு, கோயில் வாசல்ல, என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, "பரவால்ல"ன்னார். எங்கம்மா அழுதாங்க. பாதிரியார் அழுதார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரைன் நதிப் பக்கத்துலேருந்து வந்தவங்க. பொண்ண அப்பனுக்குப் பிடிக்கலயோன்னு பயந்துட்டாங்க.

கிலியன்: வெளியூர்க்காரங்களுக்கு என்ன தெரியும், நம்ம ஊர்ல அதுக்கு மேல பாராட்டு கிடையாதுன்னு. அவங்க நல்லாருக்குன்னு தண்ணியக்கூடச் சொல்லுவாங்க.

லோனி: நீ இத யார்கிட்டயும் சொல்லக்கூடாது.

கிலியன்: நானா? நான் மேட்டுப் பீரப் பரவால்லன்னு சொன்னது வெளிய தெரிஞ்சா என் ஆலைய வங்கி மூட வேண்டாம், என் ஆளுங்களே மூடிடுவாங்க.

லோனி: கண்ணத் துடைச்சுக்கறேன், திரும்பி நில்லு.

கிலியன்: திரும்பி நின்னா வாத்துக்குத் தோதாப் போயிடும்.

லோனி: வாத்து வெளியில இருக்குடா! சரி, கேனக் கொடு. ரெண்டும் சுத்தமா இருக்கா?

கிலியன்: லோனி, நான் கழுவினது.

லோனி: ஆமால்ல. உன்ன மாதிரி கழுவ ஊர்ல ஆளே கிடையாது. இங்கயே நில்லு, நிலவறைக்குப் போய் ரொப்பிக்கிட்டு வர்றேன். நீ வராத.

கிலியன்: கனமா இருக்குமே, நான் தூக்கறேன்.

லோனி: வராதன்னேன்!

கிலியன்: சரி, சரி...

லோனி: ...

கிலியன்: லோனி? கேக்குதா? அங்க படி வழுக்கும், பாத்து!

லோனி: என் வீட்டுப் படிய நீ எனக்குச் சொல்லித் தர்றியா? ...அப்பா. இந்தா. ரெண்டும் விளிம்பு வரைக்கும் இருக்கு. மூடிய இங்க திறக்காத.

கிலியன்: ஏன்?

லோனி: குளிர்ச்சி போயிடும். நேரா கொண்டு போய்த் தொட்டியில ஊத்து. மோந்து பாத்துக்கிட்டெல்லாம் நிக்காத.

கிலியன்: மோந்து பாக்காம எந்தக் காய்ச்சுறவனாவது ஊத்துவானா? கெட்டிருந்தா?

லோனி: கெடல. என் பேச்ச நம்பு.

கிலியன்: நம்பறேன். இருந்தாலும் ஒரு தடவ...

லோனி: கைய எடுடா! இரு. இரு... நீ எப்படியும் அங்க போய்த் திறப்ப. திறந்த உடனே தெரிஞ்சுடும். அதுக்கு நானே சொல்லிடறேன். உக்காரு.

கிலியன்: முடியாதே.

லோனி: அப்ப நின்னுக்கிட்டே கேளு. குறுக்க பேசாத. இது என் ஈஸ்ட் இல்ல. என்கிட்ட சொந்த ஈஸ்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எங்கப்பா காலத்துல இருந்துச்சு. அவர் வாரா வாரம் காய்ச்சினார், உயிரோட வச்சிருந்தார். நான் மாசத்துக்கு ஒரு தடவ காய்ச்சுறவ. அதுவரைக்கும் அது எப்படிடா பசி தாங்கும்? ரெண்டு தடவ சோந்து போச்சு, மூணாந்தடவ செத்தே போச்சு. என் பீர் குப்புன்னு நாறுச்சு. அந்த வருஷம் மூடிடலாம்னுதான் இருந்தேன். அப்பத்தான் என் ஆளு அல்பான், உன் ஆளு வைட்கிட்டப் போய்... அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா சீட்டு ஆடறவங்க... உன் பின்வாசல்ல, யாருக்கும் தெரியாம ஒரு கேன்... அப்புறம் மாசா மாசம் ஒரு கேன்...

கிலியன்: லோனி...

லோனி: குறுக்க பேசாதன்னேன்! இது உன் ஈஸ்ட்டுடா, என் தொட்டியில பெருகினது. இத்தன வருஷமா நான் மேட்டுப் பீர்னு மார்தட்டி வித்தது உன் ஈஸ்ட்ல பொங்கினது. நீ திருடின்னு சொன்னப்ப உனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ. ஊரக் கூட்டிச் சொல்லு. ஆனா வைட்ட வேலையவிட்டு அனுப்பிடாத. அவன் நல்லவன். எனக்காகப் பரிதாபப்பட்டுத்தான் உனக்குத் தெரியாமக் கொடுத்தான்.

கிலியன்: எனக்குத் தெரியாமலா? முதல் கேன் கேட்ட அன்னைக்கே நேரா என்கிட்டதான் வந்து நின்னான்.

லோனி: என்னது?

கிலியன்: நல்லதா, இளசாப் பாத்து எடுத்துக் கொடுன்னு நான்தான் சொன்னேன். சில மாசம் அவனுக்கு நேரம் இல்லன்னா நானே ரொப்பி வச்சிருக்கேன். இன்னைக்குக் காலைல அந்தத் தொட்டிய எட்டிப் பாத்துத் தலையில கை வச்சு உக்காந்தப்ப, வைட்தான் சொன்னான். முதலாளி, உங்க ஈஸ்ட் இன்னும் ஒரே ஒரு இடத்துல உயிரோட இருக்குன்னான். கேனத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தேன்.

லோனி: அப்ப... இத்தன வருஷமா தெரிஞ்சுக்கிட்டே... ஏன்டா பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

கிலியன்: சொல்லியிருந்தா நீ நன்றின்னு ஒண்ணு சொல்லியிருப்ப, லோனி. அதுக்கப்புறம் நாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சண்ட போடறது?